மாமாவின் இடது பக்கம்

எங்கள் குடும்பத்தில் கை நீட்டி அடித்தவரைக்கூட அடுத்த தீபாவளிக்குள் மன்னித்துவிடுவார்கள். கண்டும் காணாததுபோல் போனவருக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. கண்டிக் கடைவீதியில் எந்த வருடம், எந்தக் கடைக்கு முன்னால், யார் தன்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். அந்தப் பட்டியலில் ஒரு நாள் தன் சொந்த அண்ணனே சேருவார் என்று அம்மா நினைத்திருக்க மாட்டார். அவர் எப்படிச் சேர்ந்தார் என்பது தெரிந்த ஒரே ஆள் ஒன்பது வயதான நான். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது, அது இனிப்பான காரணம்.

மாமாவுக்குப் பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியைப் பார்த்தபடி ஒரு பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. ஆகஸ்ட் விடுமுறை வந்தால் என்னை ஒரு பையோடு பஸ் ஏற்றி அங்கே அனுப்பிவிடுவார்கள். அப்பா மாநகர சபையில் கிளார்க். அவருக்கு வீட்டில் சத்தம் இருக்கக் கூடாது. மாமாவுக்கு என் சத்தம் பிடிக்கும். கடையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் “நம்ம தங்கச்சி மக, படிப்புல புலி” என்பார். எந்தப் பரீட்சையை வைத்துச் சொன்னார் என்று தெரியாது.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு மாமாவுக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி வந்திருந்தது. வெயில் பட்டுவிட்டது என்று மாமி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் கடையைத் திறந்துவிட்டார். அதோடு எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

நான் போன முதல் நாளே மாமி என்னிடம் குறைசொல்ல ஆரம்பித்துவிட்டார். மாமாவுக்குச் சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிக்கிற வியாதி வந்திருக்கிறதாம். அன்று மத்தியானம் நானே பார்த்தேன். தட்டில் சோறு, பருப்பு, ஓரமாகக் கருவாட்டுப் பொரியல். மாமா பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, “ஏன், இன்னைக்குக் கருவாடு பொரிக்கலியா?” என்று கேட்டார். கருவாடு அவர் கைக்கு எட்டும் தூரத்தில், தட்டின் இடது பக்கம் கிடந்தது. மாமி வந்து, தட்டைப் பிடித்து நறுக்கென்று அரைவட்டம் திருப்பிவிட்டுப் போனார். மாமா தட்டைப் பார்த்தார். “இப்பதான் வச்சியா? முதல்லயே வச்சா என்ன?” என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டார்.

“பார்த்தியா நடிப்ப?” என்றார் மாமி அடுப்படியிலிருந்து. “தங்கச்சி வீட்டுச் சாப்பாடுன்னா இப்படிக் கேப்பாரா?”

எனக்கும் அது நடிப்பாகத்தான் பட்டது. ஆனால் எதற்காக நடிக்கிறார் என்பதுதான் விளங்கவில்லை. நான் கவனிக்கத் தொடங்கினேன். வாழைக்குலை தொங்கும் பக்கம் போகும்போதெல்லாம் அதில் தோளை இடித்துக்கொண்டார். பத்திரிகைத் தலைப்பை முதல் சொல்லை விட்டுவிட்டு வாசித்தார். சவரம் செய்துகொண்டு வந்தால் இடது காதோரம் கொஞ்சம் தாடி மிச்சமிருந்தது. மாமி அவரைக் கண்டிக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணைக் காட்டினார். அங்கே எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகக் குச்சியால் தொட்டுக் கேட்டார்களாம். கடைசி வரி வரைக்கும் மாமா பிசகாமல் சொல்லிவிட்டார். கண் வெகு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாமிக்குச் சந்தேகம் இன்னும் கெட்டியாகிவிட்டது. கண்ணில் ஒன்றுமில்லை என்றால் மனதில்தான் ஏதோ இருக்க வேண்டும்.

டொபி மிட்டாய்ப் போத்தல்கள் கல்லா மேசையின் இடது பக்கத்தில் வரிசையாக இருந்தன. ஒரு நாள் மாமா முட்டை வாங்க வந்த ஒரு சிங்களப் பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் ஒரு போத்தலைத் திறந்து கையை விட்டேன். அப்போதுதான் அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் உறைந்துபோனேன். அவர் சிரித்தார். மாமா அவரைப் பார்த்தபடியே முட்டையைக் கடதாசியில் சுற்றினார். என் கை அவருடைய முழங்கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அவர் முகத்தில் ஓர் அசைவுகூட இல்லை.

மறுநாள் வேண்டுமென்றே அதே இடத்தில் நின்று, ஒளிக்காமல் எடுத்தேன். அதற்கும் ஒன்றுமில்லை. வலது பக்கத்து பிஸ்கட் டின்னைத் தொட்டால் மட்டும் உடனே “என்ன பாப்பா வேணும்?” என்றார். ஒரு வாரத்துக்குள் என் பாவாடைப் பை டொபி உறைகளால் சரசரத்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் வந்தது. ஒரு மனிதர் கண் முன்னால் நடக்கும் திருட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே அவர் பார்க்கிறார். பார்த்துவிட்டுச் சேர்த்துவைக்கிறார். லீவு முடிகிற அன்று அம்மா வந்ததும் மொத்தமாகச் சொல்லப் போகிறார். இப்படித்தான் என் புத்தி போனது.

மூடியின் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது. “எலி தொல்லை கூடிப்போச்சு” என்று சொல்லி ஒரு நாள் டொபிப் போத்தல்களுக்கு நடுவில் எலிப்பொறி ஒன்றை வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இரவெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பொறி என் விரலுக்காக வைக்கப்பட்டது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மறுநாளிலிருந்து ஓரத்துப் போத்தலில் மட்டும் எடுத்தேன்.

வளர்ந்த பிறகு ஒரு வைத்தியர் எனக்கு விளங்கப்படுத்தினார். கண் சும்மா படம்பிடித்து அனுப்புகிறதாம். பார்ப்பது தலைக்குப் பின்பக்கம் இருக்கிற மூளை. அந்தத் தலைவலி நாளில் மாமாவின் மூளையில் ஒரு பக்கத்துக்கு இரத்தம் போகாமல் நின்றிருக்கிறது. அன்றோடு இரண்டு கண்ணுக்குமே இடது பாதி உலகம் போய்விட்டது. “அப்படியானால் அந்தப் பக்கம் இருட்டாகத் தெரியாதா?” என்று கேட்டேன். தெரியாதாம். மூளைக்கு ஓட்டையோடு ஒரு காட்சியைக் காட்டப் பிடிக்காது. இருப்பதை வைத்து இழுத்து மூடி, இதுதான் முழுக் கடை, இதுதான் முழுத் தட்டு என்று காட்டிவிடும். பார்க்கிற ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. நாமும் ஒரு கடைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் நாலைந்து சாமான்களைத்தான் பார்க்கிறோம், மிச்சத்தை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது என்றார். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வந்த முதல் நினைவு எலிப்பொறிதான். பாவம், அவர் நிஜமாகவே எலிக்குத்தான் வைத்திருக்கிறார்.

லீவு முடிந்து வந்த கொஞ்ச நாளில் என் அக்கா பெரிய மனுஷி ஆனார். பார்க்க வந்த மாமி, வந்த வாயோடு, “பொண்ணு எங்க வீட்டுக்குத்தானே” என்று தன் மகனை மனதில் வைத்துக் கேட்டார். அம்மா, “முதல்ல அது ஏஎல் பரீட்சை வரைக்கும் படிச்சு முடிக்கட்டும் அண்ணி” என்றார். அவ்வளவுதான் பேச்சு. மாமா அருகிலிருந்து தேநீரைக் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைத்தான் பிற்பாடு எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

சடங்கு கோயில் மண்டபத்தில் நடந்தது. தாய்மாமன் சீர் வராமல் எங்களிடையே எந்தச் சடங்கும் தொடங்காது. மேளம் முன்னால் வர, மாமா கையில் மாலையோடு நடுவில் வந்தார். பின்னால் ஒன்பதோ பதினொன்றோ தட்டுகள், பழம், பட்டு, பலகாரம் என்று. மண்டப வாசலில் வரவேற்க இரண்டு பேர் நின்றார்கள். உள்ளே வருகிறவர்களுக்கு இடது கைப்பக்கம் அம்மா, சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்த தட்டோடு. வலது பக்கம் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, பன்னீர்ச் செம்போடு. அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் வருடக்கணக்காக ஒரு பனிப்போர் இருந்தது. நான் அம்மாவின் பாவாடை போல அவரை ஒட்டி நின்றேன்.

அம்மா சந்தனத்தைத் தொட்ட விரலை நீட்டி, “வாங்க அண்ணே” என்றார். மேளச் சத்தத்தில் அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. மாமா நீட்டிய விரலைத் தாண்டி நடந்தார். அவருடைய வேட்டி என் கையில் உரசியது. நேராக அத்தையிடம் போய்த் தலையைக் குனிந்து பன்னீர் வாங்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நலம் விசாரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மாவின் விரல் அப்படியே நின்றது. பின்னால் தட்டேந்தி வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். அத்தை நன்றாகவே பார்த்தார்.

சடங்கு நடந்தது. அக்காவுக்கு மாலை விழுந்தது. அம்மா சிரித்த முகத்தோடு எல்லோரையும் கவனித்தார். அண்ணனிடம் மட்டும் போகவில்லை. மாமாவின் முகமும் இறுகியிருந்தது. பந்தியில் உட்கார்ந்தவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். சீர் கொண்டுவந்த தாய்மாமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொண்ணைத் தர மறுத்ததற்குப் பழிவாங்கிவிட்டார் என்று ஒரே நாளில் முடிவாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் எங்கள் குடும்பத்து மூளைகளும் மாமாவின் மூளை செய்த வேலையையே செய்திருக்கின்றன. பார்த்தது ஒரு மனிதர் தாண்டிப் போனதை மட்டும். மிச்சத்தையெல்லாம் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன்தான். துணி மடிக்கும்போதும் கீரை ஆயும்போதும் திடீரென்று கை நின்றுவிடும், கண் நிரம்பிவிடும். “நான் என்ன அந்நியமா? மூஞ்சியப் பார்த்துக்கிட்டே தாண்டிப் போறாரே” என்பார். மாமாவுக்கு அந்தப் பக்கம் தெரியாது என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியாதவர்போல் நடிப்பார் என்று தெரியும். இரண்டில் எது என்பதில் எனக்கே குழப்பம். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி “உனக்கு எப்படித் தெரியும்?” என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்தது டொபி மட்டும்.

கடைசியில் அப்பாதான் வழி கண்டுபிடித்தார். அவருக்கு மனிதர்களின் வார்த்தையைவிட ஆவணங்களில் நம்பிக்கை. வீடியோக்காரர் சடங்குப் படத்தை சீடியில் கொண்டுவந்து கொடுத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை வரச்சொல்லித் தகவல் அனுப்பினார். மாமா தன் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். அம்மா தேநீர் கொடுக்கவில்லை. மாமா கதிரையில் உட்காராமலே ஆரம்பித்தார்.

“நான் ஒண்ணும் மறைக்கல மச்சான். எனக்குத்தான் வருத்தம். சீரோட வாறேன், வாசல்ல என் தங்கச்சி இல்ல. உங்க அக்கா மட்டும் நிக்கிறாங்க. என் கூடப்பொறந்தவ எங்கன்னு நான் யாருகிட்ட கேக்கிறது? அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கும்?”

அம்மா அடுக்களை வாசலிலிருந்து, “நான் நின்னேனா இல்லியான்னு படத்துல பாருங்க” என்றார்.

அப்பா சீடியைப் போட்டார். வீடியோக்காரர் மண்டபத்துக்குள்ளிருந்து வாசலைப் பார்த்து எடுத்திருந்தார். அதனால் மாமாவுக்கு இடது பக்கம் நின்ற அம்மா தொலைக்காட்சியில் வலது பக்கம் தெரிந்தார். பச்சைச் சேலை, கையில் தட்டு, நீட்டிய விரல். மாமா வருகிறார், தாண்டுகிறார், அத்தையிடம் குனிகிறார்.

மாமா “திரும்பப் போடுங்க மச்சான்” என்றார். அப்பா போட்டார். மூன்றாவது தடவை எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வழக்கு முடிந்த தோரணையில் அப்பா படத்தை நிறுத்தினார்.

“தப்பு எம்மேலதான் தங்கச்சி” என்றார் மாமா. “மன்னிச்சிரு.”

அம்மா தேநீர் போட்டார். போட்டுக்கொண்டே என் காதுபட, “கையும் மெய்யுமா பிடிச்ச பிறகு வேற என்ன சொல்லுவாரு” என்றார். பேச்சு வார்த்தை தொடங்கிவிட்டது, ஆனால் அம்மாவின் மனம் ஆறவில்லை. நானோ வேறு கணக்கில் இருந்தேன். மாமா மாட்டிக்கொண்டார். அப்படியென்றால் எல்லாம் நடிப்புத்தான். அப்படியென்றால் டொபி விஷயமும் அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மாமா என்னைத் தனியாக மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்.

“பாப்பா, ஒரு விளையாட்டு. மாமா அந்த மலையில இருக்கிற தண்ணி டாங்கியையே பார்த்துக்கிட்டு நிப்பேன். நீ எனக்கு இந்தப் பக்கம் நில்லு” என்று இடது கையால் ஓர் இடத்தைக் காட்டினார். “உனக்கு இஷ்டப்பட்டா கையைத் தூக்கு, இல்லாட்டித் தூக்காத. நான் சொல்றது சரியா பிழையான்னு நீ சொல்லணும். யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

இடது பக்கம் என்று சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. இது எலிப்பொறி. அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவில்லை என்று நான் வாயால் ஒப்புக்கொண்டால், அது எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியில் கொண்டுபோய் நிறுத்துவார். நான் கையைத் தூக்கினேன். மாமா டாங்கியைப் பார்த்தபடி கொஞ்சம் தயங்கி, “இப்ப தூக்கல” என்றார். நான் சத்தமில்லாமல் கையை இறக்கிவிட்டு, “சரி மாமா” என்றேன். அடுத்த தடவை கை கட்டி நின்றேன். “தூக்கியிருக்க.” அவசரமாகத் தூக்கிவிட்டு, “சரி” என்றேன். பத்துத் தடவை. அவர் என்ன சொன்னாரோ அதற்கேற்ப என் கை ஏறி இறங்கியது.

“எல்லாமே சரியா? நிசமாவா?”

“ஆமா மாமா.”

“சாமி சத்தியமா?”

“சாமி சத்தியமா.”

மாமா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு சிரித்தார், என் தலையைத் தடவினார், சட்டைப் பையிலிருந்து கைநிறைய டொபி எடுத்துக் கொடுத்தார். அதையும் நான் சந்தேகத்தோடுதான் வாங்கினேன். அவர் கீழே போய் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போனார். பொறியிலிருந்து சாமர்த்தியமாகத் தப்பிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, கடைக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கத்துச் சந்திலிருந்து வந்த ஆட்டோவில் மாமா நேராகக் கொண்டுபோய் மோதினார். ஆட்டோக்காரருக்குக் காயமில்லை. மாமாவுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டிலின் வலது பக்கம் அம்மாவும் மாமியும் நின்றார்கள். நான் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றேன். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமான பக்கம், அங்கே நின்றால் கேள்வி வராது.

ஒரு தமிழ் டாக்டர் வந்து, “ஐயா, ஆட்டோ வந்தது தெரியலியா?” என்று கேட்டார்.

“அங்க ஆட்டோவே இல்ல டாக்டர். ரோட்டு காலியா இருந்திச்சு.”

“பார்வையில ஏதும் கோளாறு?”

“ஒண்ணும் இல்ல. எனக்கும் ஒரு தரம் சந்தேகம் வந்திச்சு, சோதிச்சுப் பார்த்திட்டேன். பத்துக்குப் பத்து. நம்ம தங்கச்சி மகதான் சாட்சி. பெரியவங்க மனசுக்கு ஏத்த மாதிரி சொல்லுவாங்க, அது சின்னப்புள்ள, பொய் சொல்லாது.” அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பினார். “ஏன் தங்கச்சி, பாப்பாவக் கூட்டிக்கிட்டு வரலியா?”

என் கை அவருடைய கட்டில் விளிம்பில் இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு “அண்ணே” என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, அவருடைய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, மண்டபத்தில் அழாத அழுகையையெல்லாம் அழுதார்.

முறிந்த காலுக்கு இவ்வளவு அழுகிறாரே என்றுதான் நான் நினைத்தேன்.  இங்கேதான் நிற்கிறேன் என்று நானாகவே மாமாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடி, அவர் திரும்பிப் பார்த்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றேன்.